உப்புப் பாலையில் ஒரு பனிக்காலை நடை!



'பாலைவனம்' என்றதும் உங்கள் கண்முன் என்ன வந்து நிற்கிறது? கொளுத்தும் வெயில், ஒட்டகம், ஈச்சமரம், கண்ணுக்கெட்டிய தூரம் வரை மணல். அப்படித்தானே? 'மலை' என்றால்? ஊட்டி, கொடைக்கானல், மேகம், குளிர்!

காரைக்கால் பக்கம் வசிக்கும் பிள்ளைகளிடம் போய், "உங்கள் ஊர்ப் பக்கம் பாலைவனம் இருக்கிறதா? மலை இருக்கிறதா?" என்று கேட்டுப் பாருங்கள். விழுந்து விழுந்து சிரிப்பார்கள். காவிரியின் கடைமடை அது. வயல், வாய்க்கால், தென்னந்தோப்பு, கொஞ்ச தூரம் போனால் கடல். அவ்வளவுதான்! காரைக்கால் கடற்கரையில் நின்று எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு குன்றுகூடத் தெரியாது.

ஆனால் அங்கிருந்து தெற்கே சுமார் 75 கிலோமீட்டர் போனால் ஓர் அதிசயமான இடம் இருக்கிறது. உப்புப் பூத்த வெட்டவெளி, நடுநடுவே மணல்மேடு, ஓரத்தில் முள்ளும் புதரும். 'இங்கே என்ன இருக்கப் போகிறது?' என்று பெரியவர்கள்கூடத் திரும்பிப் பார்க்காமல் போய்விடுவார்கள். அந்த நிலத்துக்குத்தான் பனிக்காலத்தில் ஆயிரக்கணக்கான விருந்தாளிகள் வருகிறார்கள். அவர்களில் பலர் நிஜமான பாலைவனங்களையும், நிஜமான மலைகளையும் தாண்டி வந்தவர்கள்!

அந்த இடம்தான் கோடியக்கரை. வாருங்கள், தை மாதக் காலை ஒன்றில் அங்கே நடந்து பார்ப்போம்.

வாஞ்சூர் தாண்டி...

காரைக்கால் ஒரு வேடிக்கையான ஊர். மூன்று பக்கம் தமிழ்நாடு, நான்காவது பக்கம் வங்கக்கடல். ஆனால் அது தமிழ்நாட்டில் இல்லை! புதுச்சேரி யூனியன் பிரதேசத்தின் ஒரு பகுதி. 1739-ம் ஆண்டு பிரெஞ்சுக்காரர்கள் வசம் போன அந்த ஊர், 1954-ம் ஆண்டு நவம்பர் 1-ந்தேதி இந்திய நிர்வாகத்தின் கீழ் வந்தது.

காரைக்காலில் பேருந்து ஏறினால் திருமலைராயன்பட்டினம் தாண்டி வாஞ்சூர் வரும். அங்கே புதுச்சேரி எல்லை முடிந்து தமிழ்நாடு தொடங்குகிறது. பிறகு நாகூர், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, வேதாரண்யம். அதற்கும் அப்பால் சாலை முடிகிற இடத்தில் கோடியக்கரை.

'கோடி' என்றால் கடைசி, முனை என்று பொருள். பெயருக்கு ஏற்ற இடம்தான். வடக்கிலிருந்து தெற்காக வரும் நம் கடற்கரை இங்கே வந்ததும் சட்டென்று மேற்கே திரும்பிவிடுகிறது. உங்கள் புவியியல் புத்தகத்தில் உள்ள வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். மடக்கிய முழங்கை மாதிரித் தெரியும். அந்த முழங்கையின் நுனியில்தான் நாம் நிற்கிறோம். எதிரே பாக் நீரிணை. அதற்கு அப்பால் யாழ்ப்பாணம். கல்கி எழுதிய 'பொன்னியின் செல்வன்' நாவலில் பூங்குழலி படகு ஓட்டுகிறாளே, அந்தக் கோடிக்கரையும் இதுதான்.

விடியற்காலையில் ஏன்?

"இவ்வளவு சீக்கிரம் எழுப்புகிறீர்களே!" என்று சிணுங்க வேண்டாம். காரணம் இருக்கிறது.

வெயில் ஏறிவிட்டால் வெட்டவெளித் தரை சூடாகும். தரையை ஒட்டிய காற்றும் சூடாகி மேலே எழும்பும். அப்போது தூரத்தில் இருப்பதெல்லாம் தண்ணீருக்குள் தெரிவதுபோல நெளியும். தண்ணீர் இல்லாத இடத்தில் தண்ணீர் மின்னுவதுபோலத் தோன்றும். அதுதான் கானல் நீர். அந்த நெளிவுக்குள் ஒரு சின்னப் பறவையைக் கண்டுபிடித்து, அது இன்ன பறவை என்று சொல்வது பெரியவர்களுக்கே கஷ்டம். காலையில் காற்று அமைதியாக இருக்கும். பார்வை தெளிவாக இருக்கும். பறவைகளும் சுறுசுறுப்பாக இரை தேடிக்கொண்டிருக்கும்.

இன்னொரு காரணம், தரை. காய்ந்த மணல் பகலில் சீக்கிரம் சூடாகும். இரவில் சீக்கிரம் குளிர்ந்தும் விடும். ராஜஸ்தானில் தார் பாலைவனத்தில் பகலில் வெயில் வாட்டினாலும் குளிர்கால இரவில் கம்பளி போர்த்திக்கொள்ள வேண்டியிருப்பது இதனால்தான். இங்கே பக்கத்திலேயே கடல் இருப்பதால் அந்த அளவுக்குக் குளிராது. ஆனாலும் தை மாத விடியற்காலையில் மணலில் வெறுங்காலை வைத்தால் 'ஜில்' என்று இருக்கும். பனியில் நனைந்த மணல், சுவடுகளை அச்சுப் பிசகாமல் பிடித்து வைத்திருக்கும்.

குனிந்து பாருங்கள். இரண்டு கூரான இலைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததுபோல ஒரு தடம் இருக்கிறதா? அது வெளிமானின் குளம்பு. நாய்க்கால் போல நான்கு விரலும் நகமும் பதிந்த தடமா? நரியாக இருக்கலாம். குச்சியால் கிழித்ததுபோல மூன்று கோடுகள், திரும்பத் திரும்ப வருகிறதா? அவர்தான் நம் விருந்தாளி. தடம் போகும் திசையில் மெதுவாகக் கண்ணை ஓட்டுங்கள்.

உப்பு விளையும் நிலம்

வேதாரண்யத்திலிருந்து கோடியக்கரைக்குப் போகும் வழியில் அகஸ்தியன்பள்ளி வரும். அங்கே பாத்தி பாத்தியாக உப்பளங்களைப் பார்க்கலாம். உவர்நீரைப் பாத்தியில் கட்டுவார்கள். வெயிலிலும் காற்றிலும் தண்ணீர் ஆவியாகிப் போக, உப்பு படிகமாகித் தங்கும். அதை வாரிக் குவித்து வைப்பார்கள். மழைக்காலத்தில் கரைந்து போகாமல் மேலே மூடி வைப்பார்கள். பனி முடிந்து வெயில் ஏறும் மாதங்களில் புது உப்பு வரத் தொடங்கும். அப்போது வரிசையாக வெள்ளைக் குவியல்கள் நிற்கும். தூரத்திலிருந்து பார்த்தால் பனி மூடிய மலைத்தொடர் மாதிரியே இருக்கும்!

வெயிலில் கண் கூச, உப்பு நீரில் கால் ஊற, நாள் முழுக்க வேலை செய்யும் தொழிலாளர்களின் உழைப்பு அந்தக் குவியல். நம் வீட்டு ரசத்தில் கரைந்து கிடப்பதும் அதுதான்.

இந்த உப்புக்கு ஒரு பெரிய வரலாறும் உண்டு. 1930-ம் ஆண்டு காந்தியடிகள் தண்டிக்கு நடந்த கதை உங்களுக்குத் தெரியும். அதே ஆண்டு ஏப்ரல் 13-ந்தேதி, ராஜாஜி தலைமையில் சுமார் நூறு தொண்டர்கள் திருச்சியிலிருந்து கிளம்பி வேதாரண்யத்துக்கு நடந்தே வந்தார்கள். இங்கே அவர்களுக்குத் துணை நின்றவர் சர்தார் வேதரத்தினம். ஏப்ரல் 30-ந்தேதி ராஜாஜி உப்பு அள்ளினார். உடனே கைது செய்யப்பட்டார். அதன் நினைவாக அகஸ்தியன்பள்ளியில் ஒரு நினைவுத் தூண் நிற்கிறது. ஒரு பிடி உப்புக்காகக் காவிரிக்கரை வழியாக அத்தனை தூரம் நடந்தவர்கள் வந்து சேர்ந்த மண்ணில்தான் நாமும் இப்போது நடக்கிறோம்.

இருபத்தைந்து கிராம் வீரன்

சரி, இப்போது சதுப்பின் ஓரத்துக்கு வாருங்கள். சத்தம் போடக் கூடாது!

தூரத்தில் சேற்றின்மேல் ஏதோ தூசு உருளுவதுபோல இருக்கிறதா? தொலைநோக்கியை வைத்துப் பாருங்கள். தூசு இல்லை, பறவைகள்! சிட்டுக்குருவி அளவுதான் இருக்கும். தையல் இயந்திரத்தின் ஊசி போல 'டக் டக் டக்' என்று சேற்றைக் குத்திக்கொண்டே ஓடும். இதன் பெயர் கொசு உள்ளான். பெயரே எவ்வளவு சின்னது என்று சொல்லிவிடுகிறது, இல்லையா?

இதன் எடை ஏறக்குறைய 25 கிராம். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கும். அந்த உப்பைவிடவும் இந்தப் பறவை லேசானது! ஆனால் இது குஞ்சு பொரிப்பது எங்கே தெரியுமா? வடதுருவத்தை ஒட்டிய ஆர்க்டிக் பகுதியில். ஐரோப்பாவின் வட கோடியிலிருந்து சைபீரியா வரை அதன் பிறந்த வீடு. அங்கிருந்து கோடியக்கரைக்கு நேர்க்கோடு போட்டாலே 7,000 கிலோமீட்டரைத் தொடும். வழியில் மத்திய ஆசியாவின் வறண்ட பாலைவனங்கள் இருக்கின்றன. வானை முட்டும் மலைத்தொடர்கள் இருக்கின்றன. அதையெல்லாம் கடந்து, கையில் வரைபடமும் இல்லாமல் இங்கே வந்து சேர்கிறது. பிறந்து சில மாதங்களே ஆன இளம் பறவைகள்கூட வருகின்றன!

சூரியன், நட்சத்திரங்கள், பூமியின் காந்தப்புலம் ஆகியவற்றை வைத்துப் பறவைகள் திசை அறிகின்றன என்று விஞ்ஞானிகள் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

பக்கத்திலேயே இன்னும் பலர் இருப்பார்கள். குட்டை அலகுள்ள உப்புக்கொத்தி, தரையின் மேற்பரப்பில் தெரியும் பூச்சியை ஓடி ஓடிப் பிடிக்கும். உள்ளான்கள் ஈரச் சேற்றைக் கொஞ்சம் ஆழமாகக் குத்திப் புழுவை எடுக்கும். நீண்டு வளைந்த அலகுள்ள கோட்டான், இன்னும் ஆழத்தில் ஒளிந்திருக்கும் இரையை இழுத்துப் போடும். சிவப்புக் குச்சி போன்ற நீளக்கால் கொண்ட நெடுங்கால் உள்ளான் தண்ணீருக்குள்ளேயே இறங்கி நிற்கும். கரண்டிவாயன் தன் தட்டையான அலகை இடமும் வலமும் வீசித் துழாவும். ஒரே சேறுதான். ஆனால் ஒருவர் சாப்பாட்டை இன்னொருவர் பறிப்பது குறைவு. ஒவ்வொருவருக்கும் ஒரு மாடி!

மலையைத் தாண்டுவதில் பெரிய சாதனையாளர் வேறொருவர். பட்டைத்தலை வாத்து என்று பெயர். திபெத், மங்கோலியா பக்கத்திலிருந்து இமயமலையைத் தாண்டி இந்தியாவுக்கு வருகிறது. 7,000 மீட்டருக்கும் மேலே அது பறந்தது பதிவாகியிருக்கிறது. திருநெல்வேலி மாவட்டம் கூந்தன்குளத்துக்கும் பனிக்காலத்தில் வந்து தங்குகிறது. காரைக்கால் பிள்ளைகளே, உங்கள் ஊரில் மலை தெரியாமல் இருக்கலாம். மலையைப் பார்த்தவர்கள் ஆண்டுதோறும் நம் பக்கம் வந்துவிட்டுத்தான் போகிறார்கள்!

தலைகீழாகச் சாப்பிடுபவர்

அதோ, ஆழமில்லாத தண்ணீரில் வெள்ளையும் இளஞ்சிவப்புமாக ஒரு கூட்டம் நிற்கிறதே, அவர்கள்தான் கோடியக்கரையின் நட்சத்திரங்கள். பூநாரைகள்! நிமிர்ந்து நின்றால் உங்களில் பலரைவிட உயரமாக இருக்கும்.

பூநாரை சாப்பிடும் விதமே தனி. நீளக் கழுத்தை வளைத்து, தலையைத் தலைகீழாகத் தண்ணீருக்குள் விடும். வாய்க்குள் தண்ணீரை இழுத்து, நாக்கால் அழுத்தி வெளியே தள்ளும். அலகின் ஓரத்தில் சல்லடை போன்ற அமைப்பு உண்டு. தண்ணீர் வெளியே போய்விடும். நுண்பாசியும், உப்பு நீரில் வாழும் குட்டி இறால் வகைகளும் உள்ளே தங்கிவிடும். அம்மா மாவு சலிப்பதுபோலத்தான்!

அந்த இளஞ்சிவப்பு நிறமும் சாப்பாட்டில் இருந்து வருவதுதான். பாசியிலும் இறாலிலும் 'கரோட்டினாய்டு' என்ற நிறமி இருக்கிறது. கேரட்டுக்கு நிறம் கொடுப்பதும் இதே குடும்பத்தைச் சேர்ந்த நிறமிதான். பூநாரைக் குஞ்சு பிறக்கும்போது இளஞ்சிவப்பாக இருக்காது. சாம்பல் கலந்த வெள்ளையாகத்தான் இருக்கும். சாப்பிடச் சாப்பிடத்தான் மெல்ல நிறம் ஏறும்.

இவை எங்கே பிறந்தவை? இங்கே வருபவை குஜராத்தின் கட்ச் பகுதியிலிருந்து வருபவை என்று கருதப்படுகிறது. அங்குள்ள பெரிய ரண் ஓர் உப்புப் பாலைவனம். மழைநீர் தேங்கும் காலத்தில் பூநாரைகள் அங்கே கூடி, சேற்றைக் குவித்து, கவிழ்த்த வாளி மாதிரி மேடு கட்டி, அதன் உச்சியில் பெரும்பாலும் ஒரே ஒரு முட்டை இடும். ஆக, அந்த உப்புப் பாலையிலிருந்து கிளம்பி இந்த உப்புப் பாலைக்கு வருகின்றன. பூநாரைக்குப் பாலைவனம் என்பது வறட்சி அல்ல, அதுதான் வீடு!

நான்கு மீட்டர் மலை

நடந்து நடந்து கால் வலிக்கிறதா? கொஞ்சம் பொறுங்கள். மலை ஏற வேண்டும்!

கோடியக்கரைச் சரணாலயத்திலேயே மிக உயரமான இடத்துக்கு ராமர் பாதம் என்று பெயர். மணல்மேட்டின்மேல், ராமருடைய பாதச்சுவடு என்று மக்கள் வணங்கும் கல் அங்கே இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து அதன் உயரம் எவ்வளவு? வெறும் 4 மீட்டர்! உங்கள் வீட்டு மொட்டைமாடி அளவுதான்.

'இதற்குப் பெயர் மலையா?' என்று சிரிக்காதீர்கள். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பூமி உருண்டை. அதனால்தான் கொஞ்ச தூரத்துக்கு அப்பால் இருப்பது கண்ணுக்குத் தெரியாமல் சரிந்துவிடுகிறது. எவ்வளவு தூரம் தெரியும் என்று கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. தரையிலிருந்து உங்கள் கண் இருக்கும் உயரத்தை மீட்டரில் எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு வர்க்கமூலம் காணுங்கள். 3.57-ஆல் பெருக்குங்கள். விடை கிலோமீட்டரில் வரும்.

உங்கள் கண் 1.2 மீட்டர் உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கடல் மட்டத்தில் நின்றால் அடிவானம் சுமார் 3.9 கிலோமீட்டரில் முடிந்துவிடும். அதே நீங்கள் நான்கு மீட்டர் மேட்டில் ஏறினால்? கண்ணின் உயரம் 5.2 மீட்டர். இப்போது மரங்கள் மறைக்காத திசையில் சுமார் 8.1 கிலோமீட்டர் வரை தெரியும். நான்கே மீட்டர் ஏறினோம். உலகம் இரண்டு மடங்கு நீண்டுவிட்டது! தட்டையான ஊரில் சின்ன மேட்டுக்கும் இவ்வளவு மதிப்பு. கலங்கரை விளக்கத்தை உயரமாகக் கட்டுவதும் இதே கணக்கை வைத்துத்தான்.

மேட்டிலிருந்து பார்த்தால் காடும் வெளியும் கலந்து தெரியும். இங்கே நிறைய வளரும் மரத்தின் பெயர் என்ன தெரியுமா? பாலை! ஆமாம், பாலை மரம். கோடையில் மஞ்சளாகப் பழுக்கும் பாலைப்பழத்தைச் சாப்பிட்டால் உதடு பிசுபிசு என்று ஒட்டும். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று ஐந்து நிலங்களைப் படித்திருப்பீர்களே. முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் காய்ந்து தம் இயல்பு கெட்டால் பாலை ஆகும் என்கிறது சிலப்பதிகாரம். கடற்கரை நெய்தலில் நின்றுகொண்டு, பாலை என்ற பெயருள்ள மரத்தின் நிழலில் இளைப்பாறுவது இங்கேதான் முடியும்.

அந்த வெளியில் திருகு திருகாக முறுக்கிய கொம்போடு ஓர் ஆண் வெளிமான் உங்களைத் திரும்பிப் பார்க்கலாம். வெளிமானைக் காப்பாற்றத்தான் 1967-ம் ஆண்டு இந்தச் சரணாலயம் உருவானது. பிறகு 2002-ம் ஆண்டு, உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் கோடியக்கரை இடம்பிடித்தது. தமிழ்நாட்டில் அந்தப் பெருமையைப் பெற்ற முதல் இடம் இதுதான்.

'பொட்டல்' என்று யார் சொன்னது?

இவ்வளவு பார்த்த பிறகு ஒரு வருத்தமான விஷயத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

மரம் இருந்தால் காடு என்கிறோம். நெல் விளைந்தால் வயல் என்கிறோம். இரண்டும் இல்லாவிட்டால்? 'தரிசு', 'பொட்டல்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம். அரசின் கணக்குகளிலேயே உப்பு நிலமும் சதுப்பு நிலமும் தரிசு நிலம் என்ற தலைப்பின்கீழ் வைக்கப்பட்டதுண்டு. ஒரு நிலத்துக்குத் 'தரிசு' என்று பெயர் வைத்துவிட்டால், அங்கே குப்பை கொட்டவும் மண் அடித்து மேடாக்கவும் யாருக்கும் மனம் கூசாது. பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். இங்கே பெயரில்தான் ஆபத்தே இருக்கிறது!

இந்தச் சதுப்பு வாழ்வது ஒரு கலவையால். மழைக்காலத்தில் காவிரியின் கடைசிக் கிளைகளும் வாய்க்கால்களும் கொண்டுவரும் நன்னீர் ஒரு பக்கம். கடலின் உவர்நீர் இன்னொரு பக்கம். இரண்டும் அளவாகக் கலந்தால்தான் புழு, பூச்சி, இறால், பாசி எல்லாம் பெருகும். நன்னீர் குறைந்தால் உப்பு மிஞ்சிப்போகும். சாப்பாடு குறையும். சாப்பாடு குறைந்தால் விருந்தாளி வருவாரா? பழைய நாட்களில் இங்கே வந்த கரைப்பறவைகளின் கூட்டம் இப்போது வெகுவாகக் குறைந்துவிட்டது என்று பறவை ஆய்வாளர்கள் கவலைப்படுகிறார்கள். நுனியில் கரண்டி போன்ற அலகு கொண்ட குட்டி உள்ளான் ஒன்று, 1980-களில் இங்கே பதிவாகியிருக்கிறது. இன்று உலகத்திலேயே அது சில நூறுதான் மிச்சம்.

காட்டுக்கும் சோதனைகள் உண்டு. சீமைக் கருவேலம் பரவிப் புல்வெளியை விழுங்குகிறது. 2018-ம் ஆண்டு நவம்பர் 16-ந்தேதி கஜா புயல் இந்தக் கரையில்தான் ஏறியது. கோடியக்கரைக் காட்டில் ஏராளமான மரங்கள் சாய்ந்தன.

மணல்மேட்டையும் சும்மா நினைத்துவிடாதீர்கள். அதன்மேல் படரும் அடும்புக் கொடியும், ராவணன் மீசை என்ற முள்முள்ளான புல்லும் மணலை இறுகப் பிடித்து வைத்திருக்கின்றன. 2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ந்தேதி வந்த சுனாமி, காரைக்கால், நாகப்பட்டினம் கரையில் எத்தனை உயிர்களைப் பறித்தது என்பதை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். பொங்கி வரும் கடலின் வேகத்தைத் தணிக்க இயற்கை கட்டி வைத்த தடுப்பு இந்த மேடு. லாரி லாரியாக அதை அள்ளிக்கொண்டு போனால், நம் வீட்டுச் சுவரை நாமே இடிப்பது போலத்தான்.

நீங்கள் என்ன செய்யலாம்?

பறவைகளைக் காப்பாற்ற முதல் வேலை, அவற்றைத் தெரிந்துகொள்வது. 'இந்தியாவின் பறவை மனிதர்' என்று புகழப்பட்ட சலீம் அலி, சிறுவனாக இருந்தபோது ஒரு குருவியைச் சுட்டு வீழ்த்தினார். அதன் கழுத்தில் மட்டும் மஞ்சள் நிறம் இருந்தது. 'இது என்ன பறவை?' என்ற கேள்வியோடு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குப் போனார். அந்த ஒரு கேள்விதான் அவர் வாழ்க்கையையே மாற்றியது. அதே கழகத்தின் ஆய்வாளர்கள்தான் கோடியக்கரையில் பல பத்தாண்டுகளாகப் பறவைகளின் காலில் லேசான உலோக வளையம் மாட்டி, பறக்கவிட்டு, அவை எங்கே போகின்றன என்று ஆராய்ந்து வருகிறார்கள். வளையத்தில் எண் இருக்கும். அப்படி ஒரு பறவையைப் பார்த்தால் எண்ணைக் குறித்துக்கொண்டு வனத்துறையிடம் சொல்லுங்கள்.

இரண்டாவது வேலை, எண்ணுவது. 1987 முதல் ஜனவரி மாதங்களில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. 2015 முதல் பொங்கல் விடுமுறையில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பும் நடக்கிறது. இதற்குக் கோடியக்கரை வரை போகக்கூட வேண்டாம். உங்கள் தெரு, பள்ளிக்கூடம், குளக்கரை, காரைக்காலில் அரசலாறு கடலில் சேரும் இடம், எங்கே வேண்டுமானாலும் பதினைந்து நிமிடம் நின்று, பார்த்த பறவைகளை எண்ணி எழுதலாம். 'இபேர்ட்' இணையதளத்தில் பெரியவர்கள் துணையோடு பதிவு செய்யலாம். இந்த ஆண்டு பத்து கொக்கு, அடுத்த ஆண்டு மூன்று என்றால், அங்கே ஏதோ நடக்கிறது என்று அர்த்தம். அதைச் சொல்ல உங்கள் நோட்டுப் புத்தகம்தான் சாட்சி!

நேரில் போகிறவர்கள் இதையெல்லாம் மறக்க வேண்டாம்:

* பெரியவர்களோடு மட்டும் போங்கள். வனத்துறையிடம் முன்கூட்டியே கேட்டு, அனுமதித்த பாதையில் மட்டும் நடங்கள். சேறு பார்க்கக் கெட்டியாகத் தெரியும்; கால் வைத்தால் உள்ளே இழுக்கும்.

* நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். தொப்பி, குடிநீர், தொலைநோக்கி, நோட்டு, பென்சில் போதும். பளிச்சென்ற நிறத்தில் உடை வேண்டாம்.

* கை தட்டி, கல் எறிந்து பறவைக் கூட்டத்தை எழுப்பவே கூடாது. 'எல்லாம் ஒன்றாகப் பறந்தால் போட்டோ அழகாக இருக்குமே' என்று தோன்றும். ஆனால் ஒவ்வொரு முறை பதறிப் பறக்கும்போதும் அது சேர்த்து வைத்த கொழுப்பு செலவாகிறது. ஊருக்குத் திரும்புமுன் சில கரைப்பறவைகள் எடை ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகும் அளவுக்குக் கொழுப்பைச் சேர்த்துக்கொள்கின்றன. அதுதான் அவற்றின் பெட்ரோல்! 2022-ம் ஆண்டு பட்டைவால் மூக்கன் என்ற இளம் பறவை அலாஸ்காவிலிருந்து ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா வரை 13,560 கிலோமீட்டரை எங்கும் நிற்காமல் 11 நாளில் பறந்து கடந்தது. அந்த வலிமை எல்லாம் சேற்றில் குத்திக் குத்தித் தின்ற புழுவிலிருந்தும் சிப்பியிலிருந்தும் வந்ததுதான்.

* ஆள்காட்டிக் குருவி 'டிட் டிட் டூயிட்' என்று கத்தினால், நீங்கள் ரொம்ப நெருங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம். இரண்டடி பின்னால் வந்துவிடுங்கள்.

* கொண்டுபோன பிளாஸ்டிக்கைத் திரும்பக் கொண்டுவாருங்கள்.

வாஞ்சூரில் நமக்கு எல்லை உண்டு. பறவைக்கு எந்தச் சோதனைச் சாவடியும் கிடையாது. இங்கே ஒரு சதுப்பை மூடிவிட்டால், சைபீரியாவில் ஒரு கூடு காலியாகும். இங்கே ஒரு சதுப்பைக் காப்பாற்றினால், அங்கே ஒரு குஞ்சு கண் திறக்கும்.

ஆகவே குட்டி நண்பர்களே, இனி யாராவது ஒரு வெட்டவெளியைக் காட்டி, "அங்கே ஒன்றும் இல்லை, வெறும் பொட்டல்" என்று சொன்னால் நீங்கள் சண்டைக்குப் போக வேண்டாம். "காலையில் வாருங்கள். கொஞ்சம் குனிந்து பாருங்கள்" என்று மட்டும் சொல்லுங்கள். மற்றதை மணலில் இருக்கும் அந்த மூன்று கோட்டுச் சுவடு சொல்லும்!